ஒரே விளையாட்டு, வெவ்வேறு பெட்டிகள்: தரம் மாறுவது ஏன்?

ஒரு திரைப்படம் மதுரை நகரின் பெரிய திரையரங்கு ஒன்றில் ஓடுகிறது. அதே படத்தை உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில், கோயில் திருவிழாவின்போது வெள்ளைத் துணியைக் கட்டித் திரையிடுகிறார்கள். அங்கே திரை சிறியதாக இருக்கலாம், ஒலி கரகரக்கலாம். ஆனால் கதாநாயகன் ஓடும் வேகம் மாறுவதில்லை. சண்டைக் காட்சியில் பத்து அடியாட்கள் இருந்தால் இங்கும் பத்துப் பேர், அங்கும் பத்துப் பேர்தான். ஏனென்றால் படம் முன்பே எடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. கருவியின் வேலை அதைக் காட்டுவது மட்டுமே.

வீடியோ விளையாட்டின் கதை வேறு. இரண்டு நண்பர்கள் ஒரே பெயருள்ள விளையாட்டை ஒரே விலைக்கு வாங்குகிறார்கள். ஒருவன் வீட்டில் அது தெளிவாக, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்றவன் வீட்டில் படம் மங்குகிறது; கூட்டம் கூடும் இடத்தில் திணறுகிறது; சில காட்சிகளில் ஆட்களே குறைந்துவிடுகிறார்கள். இருவரிடமும் இருப்பவை வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகள். 'என்னுடையது மட்டமான பெட்டியா?' என்று இரண்டாமவன் கேட்கிறான். இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது. அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அடுப்பிலிருந்து நேரே இலைக்கு

திரைப்படம் கடையில் அடுக்கி வைத்த மிட்டாய் போன்றது. வீடியோ விளையாட்டு கல்லில் வார்த்து, சூடாக இலையில் போடும் தோசை போன்றது. அடுத்த நொடியில் நீங்கள் வலப்புறம் திரும்புவீர்களா, இடப்புறம் திரும்புவீர்களா என்பது பெட்டிக்குத் தெரியாது. ஆகவே திரையில் தெரியும் ஒவ்வொரு படத்தையும் அது அந்தந்தக் கணத்தில்தான் கணக்கிட்டு வரைகிறது.

வினாடிக்கு 60 படங்கள் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்திற்குக் கிடைக்கும் நேரம் 1/60 வினாடி, அதாவது சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆளும் எங்கே நகர்ந்தான், எது எதன்மேல் மோதியது என்று கணக்கிட வேண்டும். ஒளியும் நிழலும் சேர்த்துப் படத்தை வரைந்து முடிக்க வேண்டும்.

முடிக்க 17 மில்லிவினாடி ஆனால் என்ன ஆகும்? மாட்டுத்தாவணியில் குறித்த நேரத்திற்குப் பேருந்து புறப்பட்டுவிடும். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவர் ஒரு நிமிடம் காத்திருந்தால் போதாது. அடுத்த பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். திரையும் அப்படித்தான். 16.7ஆவது மில்லிவினாடியில் புதுப் படம் தயாராகவில்லை என்றால் அது பழைய படத்தையே மறுபடியும் காட்டும். புதுப் படம் 33.3ஆவது மில்லிவினாடியில்தான் ஏற முடியும். மூன்றில் ஒரு பங்கு மில்லிவினாடி தாமதத்தால் வினாடிக்கு 60 படங்கள் என்பது 30 ஆகிவிடுகிறது! நாம் 'திணறல்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒரு பெட்டிக்காக எழுதிய விளையாட்டை வேறொரு பெட்டிக்கு மாற்றி அமைப்பவருக்கு நேரம் போதாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. படத்தில் உள்ள புள்ளிகளைக் குறைக்கலாம். அப்போது படம் மங்கும். பொருள்களைக் குறைக்கலாம்; அப்போது புல்லும் கூட்டமும் நிழலும் குறையும். வினாடிக்கு இத்தனை படங்கள் என்ற எண்ணிக்கையைக் குறைக்கலாம். அப்போது அசைவு வெட்டி வெட்டித் தெரியும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை ஒரு மனிதர் முடிவு செய்கிறார். பெட்டிக்குப் பெட்டி தெரியும் வேறுபாடு இந்த முடிவில்தான் பிறக்கிறது.

மதுரையில் மெதுவாக ஓடிய விளையாட்டு

நம் வீடுகளிலேயே இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள் 1990களில் பல பெயர்களில் இந்தியக் கடைத்தெருக்களை நிறைத்தன. 'டிவி கேம்' என்றாலே அன்றைய பிள்ளைகளுக்கு அதுதான்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி வினாடிக்கு 60 முறை திரையை வருடியது. ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். நம் நாட்டிலோ வினாடிக்கு 50 முறை, 625 வரிகள். கொடைக்கானல் மலைமேல் இருந்த ஒளிபரப்பு நிலையத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிவைத்துப் படம் பார்த்த மதுரைப் பக்கத்து வீடுகளிலும் இதே 50தான். தொலைக்காட்சி முறைகளை வகுத்த காலத்தில், அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டியே இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். மின்சாரத்தின் குறுக்கீட்டால் படம் நெளியாமல் இருக்க அதுவே எளிய வழி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அல்லவா?

அந்தக் காலத்துப் புரோகிராம்களில் பலவற்றில் 'ஒவ்வொரு படத்திற்கும் ஆளை 2 புள்ளி நகர்த்து' என்பது போன்ற ஆணைகளே இருந்தன. 60 முறை ஓடும் இடத்தில் அவன் வினாடிக்கு 120 புள்ளி ஓடுவான். 50 முறை ஓடும் பெட்டியில் 100 புள்ளிதான். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது; ஜப்பானில் 60 வினாடியில் முடியும் கட்டம் இங்கே 72 வினாடி எடுத்தது. படத்தோடு சேர்ந்து நடக்கும் இசையின் தாளமும் மந்தமாயிற்று. 1991இல் வந்த சோனிக் என்ற புகழ்பெற்ற விளையாட்டு, 50 ஹெர்ட்ஸ் முறையைப் பின்பற்றிய ஐரோப்பாவில் இப்படித்தான் மெதுவாக ஓடியது. அங்கே திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் விழுந்து படமும் சப்பையாகத் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், எதிரியும் மெதுவாகவே வந்ததால் 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் ஆடியவனுக்கு யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைத்தது. ஜப்பானியச் சிறுவனைவிட அவனுக்கு விளையாட்டு சற்று எளிது! இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு உங்கள் பாடநூலிலுள்ள சூத்திரமே போதும்: தூரம் = வேகம் × நேரம். 'படத்திற்கு 2 புள்ளி' என்பதை விட்டு, 'கடந்த படத்திற்குப் பின் கழிந்த நேரத்தை 120ஆல் பெருக்கி அத்தனை புள்ளி நகர்த்து' என்று எழுதினால் எந்தப் பெட்டியிலும் வேகம் ஒன்றே. இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் எழுதப்படுகின்றன.

மினுங்கிய பேய்கள்

பெட்டியின் வலிமை ஒரு பங்கு. அமைப்பவரின் உழைப்பு இன்னொரு பங்கு. இதைக் காட்டும் சரித்திரச் சான்று பேக்-மேன். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் இதைக் கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரமாக வெளியிட்டது. உலகமே அதற்கு மயங்கியது. 1982இல் அடாரி 2600 என்ற வீட்டுப் பெட்டிக்கு அதை மாற்றி விற்றார்கள்.

அடாரி 2600 பெட்டி 1977இல் பிறந்தது. அதன் நினைவகம் 128 பைட். இன்று தமிழை எழுதப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் அந்த இடத்தில் 42 எழுத்துக்குறிகளைத்தான் வைக்கலாம்! முழுப் படத்தை வரைந்து சேமிக்க இடமே கிடையாது. தொலைக்காட்சியின் மின்கற்றை ஒவ்வொரு வரியாக ஓடும்போதே, அந்த வரிக்கு உரியதை அப்போதைக்கப்போது அனுப்ப வேண்டும். ஆட்களை வரைவதற்கென்று அதன் சில்லில் இரண்டே வடிவங்கள். பேக்-மேனுக்கு ஒன்று போனால் மீதி ஒன்று. பேய்களோ நான்கு!

என்ன செய்தார்கள்? நான்கு பேய்களையும் முறை வைத்துக் காட்டினார்கள். ஒரு படத்தில் ஒரு பேய். அடுத்த படத்தில் அடுத்த பேய். 60ஐ 4ஆல் வகுத்தால் ஒவ்வொரு பேயும் வினாடிக்கு 15 முறைதான் தெரிந்தது. அவ்வளவு மெதுவாக ஒளிரும் எதுவும் நம் கண்ணுக்கு மினுங்கும். கடையில் ஆடிப் பழகியவர்கள் வீட்டில் இந்த மினுங்கும் பேய்களைப் பார்த்து ஏமாந்து போனார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1983இல், அதே அடாரி 2600 பெட்டிக்கு மிஸ் பேக்-மேன் வந்தது. பெட்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. முந்தைய விளையாட்டு 4 கிலோபைட் சில்லில் இருந்தது. இது 8 கிலோபைட் சில்லில் இருந்தது. இரண்டு பேய்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால், மேலே ஒன்றை வரைந்து முடித்த அதே வடிவத்தைக் கீழே இன்னொன்றுக்குப் பயன்படுத்தலாம். ஒரே வரிசையில் நெருங்கும்போது மட்டும் முறை வைத்தால் போதும். மினுக்கம் பெரிதும் குறைந்தது. பெட்டி பழையது, சிந்தனை புதியது!

கண்மாயும் மடையும்

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். 2013 நவம்பரில் இரண்டு போட்டிப் பெட்டிகள் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன: சோனியின் பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன். இரண்டிலும் நினைவகம் 8 கிகாபைட். ஆனால் அதே மாதம் வெளியான கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் விளையாட்டு, பிளேஸ்டேஷனில் 1920 × 1080 புள்ளிகளிலும் எக்ஸ்பாக்ஸில் 1280 × 720 புள்ளிகளிலும் வரையப்பட்டது. பெருக்கிப் பாருங்கள்: முன்னது 20,73,600 புள்ளிகள்; பின்னது 9,21,600. இரண்டே கால் மடங்கு வேறுபாடு!

கணக்கிடும் திறனில் இவ்வளவு வேறுபாடு இல்லை. முதலாவதின் வரையும் சில்லு வினாடிக்கு அதிகபட்சம் 1.84 லட்சம் கோடி கணக்குகள் செய்யும், இரண்டாவது 1.31 லட்சம் கோடி. விகிதம் 1.4 மட்டுமே. வேறு காரணமும் இருக்க வேண்டும்.

மாடக்குளம் கண்மாயைப் பார்த்திருப்பீர்கள். கண்மாயில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. மடை வழியாக ஒரு நாழிகையில் எவ்வளவு நீர் பாயும் என்பது வேறு கணக்கு. வயல் நனைவது இரண்டாவது கணக்கைப் பொறுத்தது. நினைவகமும் அப்படித்தான். பிளேஸ்டேஷன் 4 பெட்டியில் வினாடிக்கு 176 கிகாபைட் தகவல் பாயும். எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியின் பெரிய நினைவகத்தில் 68 கிகாபைட்தான். இந்தக் குறையை ஈடுகட்ட, வயலை ஒட்டி ஒரு கிணறு வெட்டியது போல, மிக வேகமான 32 மெகாபைட் சிறு நினைவகம் ஒன்றைச் சில்லுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

கிணறு நல்லதுதான், ஆனால் சிறியது. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தாளுக்கு சுமார் 8.3 மெகாபைட் வேண்டும். நிறம், ஆழம், ஒளி என்று தனித்தனியாக ஐந்து தாள்களில் வரைந்து பின்னர் ஒன்றாக்குவது இக்கால முறைகளில் ஒன்று. ஐந்து தாளுக்கு 41 மெகாபைட்டுக்கு மேல், கிணற்றில் கொள்ளாது. 1280 × 720 என்றால் ஐந்துக்கும் சேர்த்து சுமார் 18 மெகாபைட், தாராளமாகக் கொள்ளும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் தொடக்கக் கால விளையாட்டுகள் பலவற்றில் புள்ளிகள் குறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கும் மனித முயற்சி நிலைமையை மாற்றியது. கினெக்ட் என்ற கேமராவுக்காக ஒதுக்கி வைத்திருந்த வரைதிறனில் ஒரு பகுதியை, 2014இல் மைக்ரோசாஃப்ட் விளையாட்டு அமைப்போருக்குத் திறந்துவிட்டது. கிணற்றை எப்போது இறைப்பது, மடையை எப்போது திறப்பது என்று அமைப்போரும் கற்றுக்கொண்டார்கள். அதே பெட்டியில் பின்னர் வந்த பல விளையாட்டுகளின் தெளிவு கூடியது.

புனேயில் பிறந்த ராஜி

இந்தியாவில் உருவாகிப் பல பெட்டிகளுக்குச் சென்ற விளையாட்டும் உண்டு. புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' 2020 ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியில் வெளிவந்தது. கணிப்பொறி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 அன்று வந்தது. தம்பியைத் தேடி அசுரரோடு போரிடும் ஒரு சிறுமியின் கதை அது.

ஸ்விட்ச் கையில் எடுத்துச் செல்லும் பெட்டி. அதன் சொந்தத் திரையில் 1280 × 720 புள்ளிகள்தான். மின்கலத்தில் ஓட வேண்டும்; கையைச் சுடவும் கூடாது. சில்லு செலவிடும் மின்திறன் அதன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண்ணைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.5 × 0.8 × 0.8 = 0.32. மின்செலவும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதனால்தான் தொலைக்காட்சியுடன் இணைத்தபோது 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஸ்விட்சின் வரையும் சில்லு, கையில் எடுத்தவுடன் ஏறக்குறைய அதில் பாதிக்கு இறங்குகிறது. சித்திரை வெயிலில் பேருந்தில் அமர்ந்து ஆடும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

இத்தகைய பெட்டிக்கு ராஜியின் அமைப்பு ஒத்துப்போகிறது. அதில் காட்சியை எந்தக் கோணத்தில் பார்ப்பது என்பதை ஆடுபவர் மாற்ற முடியாது, ஆக்கியோரே வகுத்திருக்கிறார்கள். ஆகவே எந்த இடத்தில் எத்தனை பொருள்கள் திரையில் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியும். கதையைச் சொல்லும் இடைக்காட்சிகள், நம் ஊர்த் தோல்பாவைக்கூத்தை நினைவூட்டும் நிழற்பாவைகளாக வருகின்றன. தட்டையான பாவையை வரைய, ஆயிரம் மடிப்புள்ள முப்பரிமாண உருவை வரைவதைவிட மிகக் குறைந்த உழைப்பே போதும். கலையழகும் கணக்கும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

மறைத்ததுதான் பிழை

அதே 2020இல் எதிர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம், சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டை டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. மாபெரும் நகரம் ஒன்றில் விருப்பம் போல் சுற்றித் திரியும் விளையாட்டு அது. வலுவான கணிப்பொறிகளில் அது பிரமாதமாகத் தெரிந்தது. ஆனால் 2013இல் பிறந்த பெட்டிகளில் படம் திணறியது, மங்கியது, நடுவில் நின்றும் போனது. அந்தப் பழைய பெட்டிகளில் தகவல் சுழலும் வன்தட்டிலிருந்து வர வேண்டும். வண்டி வேகமாக ஓட, அடுத்த தெருவின் படம் வந்து சேர்வதற்குள் வண்டி அந்தத் தெருவுக்கே போய்விடும்!

விற்பனைக்கு முன்னர், பழைய பெட்டிகளில் அது எப்படி ஓடுகிறது என்பதை மக்களுக்குக் காட்டவில்லை. வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சோனி தன் இணையக் கடையிலிருந்து விளையாட்டை நீக்கி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது.

பழைய பெட்டியில் படம் குறைவாகத் தெரிந்தது குற்றமன்று. இயற்பியலின்படி அது எதிர்பார்க்கத் தக்கதே. குறைவாகத் தெரியும் என்று சொல்லாமல் ஒரே விலைக்கு விற்றதுதான் குற்றம். புதுப் பெட்டி வாங்க எல்லா வீட்டிலும் வசதி இராது. அண்ணன் ஆடிய பழைய பெட்டியில், சேர்த்து வைத்த காசைக் கொடுத்து ஒரு விளையாட்டு வாங்கும் மாணவன், தனக்குக் கிடைக்கப்போவது எது என்று முன்பே அறிய உரிமை உள்ளவன். கடைக்காரரிடம் 'நல்லா ஓடுமா?' என்று கேட்பது போதாது. 'இந்தப் பெட்டியில் எத்தனை புள்ளி, வினாடிக்கு எத்தனை படம்? இதற்காக எதைக் குறைத்திருக்கிறார்கள்?' என்று கேட்க வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவசைவு வசதி பல கைபேசிகளில் உண்டு. ஓடும் விளையாட்டின் திரையை அந்த முறையில் படம் பிடியுங்கள். பின்னர் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். திரையில் உள்ள உருவம் 4 படங்களுக்கு ஒருமுறை நகர்ந்தால், 240ஐ 4ஆல் வகுக்க, விளையாட்டு வினாடிக்கு 60 படங்கள் வரைகிறது. 8 படங்களுக்கு ஒருமுறை நகர்ந்தால் 30. சில இடங்களில் 4, கூட்டம் வந்ததும் 8 என்று மாறினால், பேருந்தைத் தவறவிட்ட இடம் அதுவே.

அடுத்து, பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடியுங்கள். விரல் அழுந்திய படத்திலிருந்து, திரையில் ஆள் அசையும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு சுமார் 4.2 மில்லிவினாடி. 24 படங்கள் ஆனால் 100 மில்லிவினாடி தாமதம். இந்த அளவில் தொலைக்காட்சியின் தாமதமும் சேர்ந்திருக்கும் என்பதால், இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒரே தொலைக்காட்சியில் மாற்றி மாற்றி இணைத்தே அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பத்து முறை அளந்து சராசரி எடுங்கள். 'என் பெட்டிதான் உசத்தி' என்ற வாய்ச்சண்டை அங்கே முடிந்து, அளவீடு தொடங்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. வினாடிக்கு 60 படங்கள் என்று எண்ணி, படத்துக்கு 3 புள்ளி நகரும் பந்து ஒன்றை அமைத்திருக்கிறார்கள். 900 புள்ளி அகலமுள்ள திரையை அது 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் எத்தனை வினாடியில் கடக்கும்? 50 ஹெர்ட்ஸ் பெட்டியில்? இரண்டிலும் ஒரே நேரத்தில் கடக்க, 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் படத்துக்கு எத்தனை புள்ளி நகர்த்த வேண்டும்? கிடைக்கும் எண் முழு எண்ணாக இராது. முழு எண்களை மட்டுமே கையாண்ட பழைய புரோகிராமில் அதை எப்படி ஈடுகட்டலாம் என்று யோசித்துப் பாருங்கள். யோசிக்கத் தொடங்கினால், மினுங்கிய பேய்களை அடக்கியவர்கள் செய்த வேலையில் நீங்களும் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

விடை: 5 வினாடி, 6 வினாடி, 3.6 புள்ளி.